‘எங்கள் அம்மா’ என்று எழுதியவள் நான்

அப்பா,

இன்று சாயங்காலம் படையின் ஸ்டோரிலிருந்து இரண்டு பேர் வந்து உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனையும் பித்தளை பாலிஷ் வாசனையும் வீடு முழுக்கப் பரவின. டியூட்டி முடிந்து நீங்கள் உள்ளே வரும்போது உங்கள் மேல் வருமே, அதே வாசனை. நான் சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

அரசாங்கம் கொடுத்த சாமான்களை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஒருவர் லிஸ்டைப் படிக்க, மற்றவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பெல்ட், தொப்பி, கம்பளி, கொசுவலை, ஒரு ஜோடி பூட்ஸ். காக்கிச் சட்டை மூன்று என்று லிஸ்டில் இருந்தது. பெட்டியில் இரண்டுதான் இருந்தன.

“ஒரு ஷர்ட் குறவுண்டல்லோ சேச்சி,” என்றார் லிஸ்ட் வைத்திருந்தவர்.

“அது அவரு போட்டிருந்தது,” என்றாள் அம்மா. “ஆஸ்பத்திரியில கத்திரி வச்சு வெட்டித்தானே எடுத்தீங்க. ஒட்டிப் போயிருந்துதே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு லிஸ்டில் ஏதோ எழுதினார். அவர் யார் தெரியுமா? மனு கொடுத்த பத்தொன்பது பேரில் ஒருவர். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு அவர் கொடுத்த மனுவை எழுதியவள் நான்தான். போகும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இப்போது அம்மா தூங்குகிறாள். நான் அடுக்களையில் உட்கார்ந்து, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு இதை எழுதுகிறேன். மணிக்கு ஒருமுறை சென்ட்ரி இந்தப் பக்கம் நடக்கிறார். பூட்ஸ் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். படையின் பெயரையும் நீங்கள் காவல் நின்ற இடத்தின் பெயரையும் எழுதமாட்டேன். இந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

சாலைக் கடைத்தெருவுக்கு என்னை அழைத்துப்போன அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தம்பானூர் வருவதற்கு முன்பே ஒரு ஜாதா வந்து பஸ்ஸை மறித்துவிட்டது. சுமடு எடுப்பவர்களின், அதாவது சுமைதூக்கிகளின் ஊர்வலம். சிவப்புக் கொடியும் முழக்கமுமாக அரை மணி நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயிலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். நீங்கள் மட்டும் ஜன்னலில் கையை வைத்து, உற்சவம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“இந்த ஊர்ல சுமடு எடுக்குறவனுக்குச் சங்கம் உண்டு. ஆட்டோக்காரனுக்கு உண்டு, வாத்தியாருக்கு உண்டு. உன் ஸ்கூல்ல மீசை முளைக்காத பயலுவளுக்கும் உண்டு. ஏன், இங்க உள்ள போலீஸ்காரனுக்கும் உண்டு,” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

“உங்களுக்கு?”

“எனக்குத் துப்பாக்கி உண்டுல்லா மக்ளே.”

அன்றுதான் எனக்கு விளக்கிச் சொன்னீர்கள். படையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்களாம். சங்கம் சேரக்கூடாது. கூட்டம் போடக்கூடாது. பேப்பர்காரனிடம் பேசக்கூடாது. குறை இருந்தால் அவரவர் குறையை அவரவர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அது குற்றம். நீங்கள் ஒரு கதை மாதிரி சொன்னீர்கள், நானும் கதை மாதிரிதான் கேட்டேன்.

பிறகு சுகுமாரன் மாமன் காதில் ரத்தம் ஒழுக நம் வீட்டுக்கு வந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், உங்களோடு ஒன்றாகப் படையில் சேர்ந்தவர், எனக்கு மலையாளம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர். ஆள் இல்லை என்று மூன்று டியூட்டியைத் தொடர்ச்சியாகப் போட்டிருந்தார்கள். காவல் நின்ற பின்வாசலில் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் துப்பாக்கியைப் பிடித்தபடி கண்ணயர்ந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கி ஒரு வார்த்தை பேசவில்லையாம். பூட்ஸ் காலைத் தூக்கிக் காதோடு சேர்த்து உதைத்திருக்கிறார். மாமன் விழுந்த பிறகும் உதைத்திருக்கிறார்.

நீங்கள் துண்டை நனைத்துக் காதில் வைத்தீர்கள். அது சிவந்தது. அம்மா இன்னொரு துண்டு எடுத்து வந்தாள், அதுவும் சிவந்தது.

“நீ மட்டும் எழுதிக் கொடுத்தா கிழிச்சு எறிவானுவ,” என்றீர்கள். “பத்தொன்பது பேரும் ஒரு தாள்ல எழுதினா அதுக்குப் பேரு கலகம். பத்தொன்பது பேரும் பத்தொன்பது தாள்ல எழுதினா அதுக்கு என்ன பேரு?”

பேர் வைக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மாமன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். “பேரிடான் அவர்க்கு எத்ர நேரம் வேணும்?”

அந்த நிலையிலும் நீங்கள் இருவரும் சிரித்தீர்கள்.

ஆபீஸில் டைப் அடிக்க முடியாது. தம்பானூர் டைப்பிங் கடையில் கொடுத்தால் வெளியாள் கைபட்டது என்று ஆகிவிடும். வெளியாள் என்றால் யூனியன்காரன் என்பார்கள். அதனால் என்னிடம் வந்தீர்கள். என் கையெழுத்துக்கு ஸ்கூலில் பரிசு வாங்கியிருந்தேன் அல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஒவ்வொருவராக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, தன் குறையைச் சொன்னார்கள். ஒருவருக்குக் கால் வீக்கம். ஒருவருக்குத் தங்கை கல்யாணம். ஒருவருக்குத் தங்கும் பாரக்கில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். எனக்கும் ஒரு சட்டம் போட்டீர்கள்.

“எல்லாத்துலயும் ‘நான்’தான் வரணும், கேட்டியா? ‘நாங்க’ன்னு ஒரு இடத்துல வந்தாலும் எல்லாரும் தீந்தோம்.”

நான் ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன், அப்பா. தமிழிலும் மலையாளத்திலும் கேட்டு, என் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுதினேன். ‘நாங்கள்’ என்பதற்கான இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லி, அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மனுவிலும் விரலை வரிக்கு வரி ஓட்டித் தேடினீர்கள். ஒன்றிலும் இல்லை.

சுகுமாரன் மாமனின் மனு கடைசி. படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்க்க லீவு வேண்டுமென்று மாமன் சொன்னார்: “ஞங்ஙளுடெ அம்ம கிடப்பிலாணு. மூணு மாசமாயி கண்டிட்டில்ல. ரெண்டு திவசம் லீவு தரணம்.” நான் எழுதினேன். நீங்கள் விரலை ஓட்டும்போது ஒரு இடத்தில் நின்று, எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். “அ...வர் மதர்.”

அப்புறம் மாமனைப் பார்த்து, “உம்ம அம்மைக்குப் பிள்ளை ‘அவர்’னு மரியாதை போட்டிருக்கா பாத்தீரா. கொள்ளாம்,” என்றீர்கள்.

மாமன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆங்கிலத்தில் அதற்கு ‘எங்கள்’ என்று அர்த்தம் என எனக்குத் தெரியும். ‘எங்கள் அம்மா’ என்றுதான் எழுதியிருந்தேன். அதில் ‘நாங்கள்’ ஒளிந்திருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டில் யார் ‘என் அம்மா’ என்று சொல்கிறோம்? எங்க அம்மா, எங்க வீடு, எங்க ஊரு என்றுதானே வாயில் வருகிறது. மலையாளத்தில் மாமனுக்கும் அப்படித்தான் வந்தது. அது கையிலும் வந்துவிட்டது.

மனுக்களைக் கொடுத்து நான்கு நாள் கழித்து எங்கள் ஸ்கூலில் சமரம், ஸ்ட்ரைக். சங்கத்துப் பையன்கள் வகுப்புக்கு வந்து பெஞ்சைத் தட்டி எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அன்று நான் காலையிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நான் மொட்டைமாடியில் இருந்தது உங்களுக்குத் தெரியாது. துணி காயப்போட ஏறியவள், பரேடு மைதானத்தில் விசில் கேட்டு அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பத்தொன்பது பேரையும் தனியாக நிறுத்தியிருந்தார்கள். முதலில் பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றச் சொன்னார்கள். சுற்றிலும் நம் குவார்ட்டர்ஸ் லைனில் நான் பார்த்திராத ஆட்கள், ஹெல்மெட் போட்டு, லத்தியோடு. இன்ஸ்பெக்டர் கையில் மனுக்கட்டு இருந்தது. பதினெட்டு மனுக்களில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆங்கிலம் தெரியாதவன் இன்னொருவனைக் கொண்டு எழுதிக்கொள்வது குற்றமில்லை என்று நீங்கள் முன்பே விசாரித்து வைத்திருந்தீர்கள். பத்தொன்பதாவது தாளை அவர் தூக்கிப் பிடித்து அந்த இரண்டு சொற்களைச் சத்தமாக வாசித்தார்.

“எல்லாவர்க்கும் ஒரே அம்மயாணோடா?” என்றார். ஹெல்மெட்காரர்கள் சிரித்தார்கள். “ஒந்நிச்சிருந்நு எழுதியதாணு இது. ஆரா எழுதியது?”

ஒன்றாக உட்கார்ந்து எழுதிய இதை எழுதியவன் யார் என்று இரண்டாம் முறையும் அதட்டினார். தலையில் கை வைத்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்கள். பிறகு அடிக்கத் தொடங்கினார்கள்.

லத்தி இறங்குவது முதலில் தெரிந்தது. சத்தம் ஒரு கணம் கழித்துத்தான் மாடிக்கு வந்தது. அதனால் முதலில் அது வேறெங்கோ கேட்கும் சத்தம் போல இருந்தது. தலையில் கை வைத்திருந்ததால் விரல்களின் மேல்தான் அடி விழுந்தது. ஒருவர் கையை எடுத்தார், அடுத்த அடியில் அவர் நெற்றி பிளந்தது. கால் வீங்கியவரின் காலையே தேடிப்பிடித்து அடித்தார்கள். அவருடைய மனுவை வாசித்திருப்பார்கள்போல. சுகுமாரன் மாமனைக் கட்டுப்போட்ட காதின் மேல் அடித்தார்கள். அவர் பக்கவாட்டில் சாய்ந்து, மண்ணில் வாயைத் திறந்தபடி கிடந்தார். எனக்கு மூத்திரம் போய்விட்டது, அப்பா. ஈரத் துணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

“ஞானா எழுதியது சாரே,” என்று நீங்களே எழுதியதாகச் சொன்னீர்கள்.

அடி நின்றது. ஒரு மேஜையைத் தூக்கி வந்து போட்டார்கள். தாள், பேனா. அந்த இரண்டு சொற்களை எழுதச் சொன்னார்கள். நீங்கள் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, படம் வரைவதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரைந்தீர்கள். இன்ஸ்பெக்டர் அதை எல்லாருக்கும் காட்டினார். பிறகு உங்கள் வலது கையை மேஜைமேல் விரித்து வைக்கச் சொன்னார்.

“இது நின்டெ கையல்ல. ஏது யூனியன்காரனா? பேரு பற.”

எழுதிய யூனியன்காரனின் பெயரைக் கேட்டார். ஒரு அடி. “ஞானா சாரே.” இன்னொரு அடி. “ஞானா.” ஏழுவரை எண்ணினேன். பிறகு உங்களை இழுத்துக்கொண்டு லைனின் கோடியிலுள்ள பூட்டறைக்குப் போனார்கள். உங்கள் பூட்ஸ் ஒன்று மேஜைக்குப் பக்கத்தில் கழன்று கிடந்தது.

இரண்டு நாள் அம்மா கொண்டுபோன சோற்றைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள், குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டீர்கள் என்று ஆள் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் வலது கையைத் துணியால் சுற்றி உருண்டையாகக் கட்டியிருந்தார்கள். அம்மா வேண்டுமென்றே அதை அவிழ்த்தாள். தடுக்க வந்த ஆளை அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவர் நின்றுவிட்டார். விரல்களில் ஒன்றுகூட நேராக இல்லை. இரண்டில் நகமே இல்லை. வழுக்கி விழுகிறவனுக்கு நகம் எப்படிப் போகும் என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. திரும்பவும் சுற்றிக் கட்டினாள்.

என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்கள் உங்களை விட்டிருப்பார்களா என்று நான் தினமும் நினைக்கிறேன். ஒரு பத்தாம் வகுப்புப் பெண் எழுதியது என்று தெரிந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்களோ? அல்லது என்னையும் அந்த மேஜைக்குக் கொண்டுவந்திருப்பார்களோ? நீங்கள் இரண்டாவதைத்தான் நினைத்திருப்பீர்கள். அந்த இரண்டு சொற்களை அவர் வாசித்தவுடனே, எந்தக் கட்டிலில், யார் கையால், எப்போது எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்களை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. நீங்கள் வழுக்கித்தான் விழுந்தீர்கள் என்று அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளை நீங்கள் கோபிக்கக் கூடாது. காண்டீனில் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவள் கையெழுத்துப் போட்டது அதற்காக இல்லை. அடக்கம் முடிந்த அன்றே இன்ஸ்பெக்டர் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த என் நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“மோளுடெ கையக்ஷரம் நல்லதாணல்லோ,” என்றார். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். சிரித்துக்கொண்டே நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

அவர் படி இறங்கியதும் அம்மா என் எல்லா நோட்டுகளையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஆங்கில நோட்டு, கணக்கு நோட்டு, பரிசு வாங்கிய கட்டுரை, எல்லாம்.

“இனி சாய்ச்சு எழுது,” என்றாள். “இடது பக்கமா சாய்ச்சு, கோணலா. கேட்டா கையில கட்டி வந்துதுன்னு சொல்லு. வாயத் தொறந்தே, உன்னையும் கொண்டு போவானுவ. எனக்கு இன்னொரு கையை அவிழ்த்துப் பாக்கத் தெம்பில்ல மக்ளே.”

பத்து நாளாகக் கோணலாகத்தான் எழுதுகிறேன். இங்கிலீஷ் டீச்சர் கேட்டார்கள். கட்டி என்று சொன்னேன்.

நேற்று சுகுமாரன் மாமனின் மனைவி பின்பக்கமாக வந்தார். மாமனுக்கு இரண்டு காதும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலுக்கு விலங்கு போட்டிருக்கிறார்களாம். கேள்விகளை ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறார்களாம். சாலைச் சுமட்டுச் சங்கத்து ஆள் ஒருவரின் பெயரை அவர்களே ஸ்லேட்டில் எழுதி, இவன்தான் எழுதினான் என்று சொன்னால் விட்டுவிடுகிறோம் என்கிறார்களாம். மாமன் அதை அழித்துவிட்டு, தானே எழுதியதாக எழுதுகிறாராம். நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. வேலை போவது மட்டுமில்லை, ஜெயில். படுக்கையில் கிடக்கும் மாமனின் அம்மாவிடம், லீவு கிடைக்கவில்லை என்றே இன்னும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மாமனின் மனைவி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது என் வலது கையை எடுத்து, விரல்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் நாளை போகிறேன், அப்பா. ஸ்கூல் பஸ்ஸில் ஏறாமல் நேராக ஆபீஸ் வாசலுக்குப் போவேன். பெரிய அதிகாரி வெளியூரிலிருந்து வருகிறாராம். அவருக்கு முன்னால் சொல்வேன். இதை எழுதியது நான். மாமன் ‘நாங்கள்’ என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. கூட்டம் கூடி எழுதிய சொல் இல்லை அது. எங்கள் பேச்சில் ஒற்றைப் பிள்ளையும் ‘எங்கள் அம்மா’ என்றுதான் சொல்லும். நானும் ஒற்றைப் பிள்ளைதான். எனக்கு மட்டும்தான் நீங்கள் அப்பா. ஆனாலும் இன்றுவரை ‘எங்க அப்பா’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். இதை எந்த மொழியில் சொன்னால் அவருக்குப் புரியும் என்று தெரியவில்லை. மூன்றிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அடிப்பார்களோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. எழுதிக் காட்டு என்பார்கள். கை நடுங்கினால், இல்லை இந்தப் பத்து நாள் பழக்கத்தில் எழுத்து கோணலாக வந்தால், உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொல்வார்கள். இது உன் கை இல்லை என்பார்கள். அதனால்தான் இன்று இதை எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது, அவ்வளவு கோணல். மூன்றாம் பக்கத்திலிருந்து எழுத்து நிமிரத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பக்கம் என் பழைய கைதான்.

இந்த வரியை எழுதும்போது அடுக்களை வாசலில் அம்மா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் தாளை மறைக்கவில்லை. அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். வாசிக்கவில்லை. எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சாக்கின் ஓரத்தை இழுத்து ஜன்னலைச் சரியாக மூடினாள்.

“யூனிபாரம் போட்டுட்டே வா,” என்றாள். “பிள்ளைன்னு தெரியட்டும். நான் முன்ன நடக்கேன்.”

பிறகு, “பேனாவுல மை இருக்கா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.